கடலில் முக்கினால் உண்ணி சாகாது

"கடல்ல ரெண்டு முங்கு முக்கியாச்சு டாக்டர், உண்ணி எல்லாம் போயிருக்கும்." ராமநாதபுரம் கடற்கரையில் மூக்கையூரிலிருந்து தேவிபட்டினம் வரை இதே பேச்சுதான். கொண்டுவந்த செம்மறியின் இமையை விலக்கினால் உள்பக்கம் ரத்தமே இல்லாமல் வெளுத்திருக்கும். வாலைத் தூக்கினால் கொத்துக் கொத்தாக உண்ணி, நனைந்த சுவடே இல்லாமல்.

உண்ணி பூச்சி இல்லை. சிலந்தி, தேள் வகையறா. அந்தக் கூட்டத்தில் பலவற்றின் தோலிலும் தண்ணீர் ஒட்டாது. உண்ணிக்கு மேலே மெழுகுப் பூச்சு. கடைசிக் காலுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னத் தட்டு இருக்கும். லென்ஸ் வைத்தால் தெரியும். அதுதான் மூச்சுவழி. அதன் நுண்துளைகளில் தண்ணீர் புகாது, காற்று மட்டும் படலமாகத் தங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்தப் படலம் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளுக்கு மேல் முங்கிக் கிடந்துவிட்டு எழுந்து நடக்கிற இனங்கள் உண்டு; உங்கள் கால் மணி நேரக் குளியல் எம்மாத்திரம்? "உப்பு அரிக்குமே" என்பார்கள். உள்ளே போனால்தானே அரிக்க! எரிவது ஆட்டின் கடிவாய்ப் புண்தான்.

மருந்து அடிக்கத்தான் வேண்டும். அமிட்ராஸ் 12.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம் என்றாலும் அதே 2 மி.லி. இரண்டில் ஒன்று போதும், சேர்த்துக் கலக்காதீர்கள். கலந்ததும் பால்போல வெளுக்கணும். நம் பக்கத்து உப்பு போர்த் தண்ணீரில் கலந்தால் திரிந்துபோய் எண்ணெய் மேலே மிதக்கலாம். அப்புறம் ஓர் ஆட்டுக்கு வெறும் தண்ணீர், இன்னோர் ஆட்டுக்கு மொத்த விஷமும். கண்ணாடி டம்ளரில் துளி கலந்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பிரிந்தால், குடிக்கிற தண்ணீரில் கலக்குங்கள்.

முதலில் ஆட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், இல்லாவிட்டால் மருந்தை நக்கிவிடும். வெயில் ஏறுமுன், உடம்பு காய்ந்திருக்கும்போது அடியுங்கள். தொடையிடுக்கு, மடி, வாலடி நன்றாக நனையணும். காதுக்குள் மருந்தில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கண், வாய், புண்ணில் படக்கூடாது. கையுறை கட்டாயம். சினையாடு, பால்குடிக் குட்டிகளுக்கு டாக்டரைக் கேட்காமல் அடிக்காதீர்கள். முட்டையிலிருந்து வருவதைப் பிடிக்க இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை. கொட்டில் வெடிப்புகளையும் விடாதீர்கள், வயிறு நிறைந்த உண்ணி முட்டையிட அங்கேதான் ஒதுங்கும்.

பருத்திக்கு அடிக்கிற மருந்தை மட்டும் ஆட்டுக்கு அடிக்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். மருந்தடித்த ஆட்டை ஊருணியிலோ கடலிலோ இறக்கவும் வேண்டாம். டெல்டாமெத்ரின் மீனையும் இறாலையும் கொல்லும். கையால் பிடுங்கிய உண்ணியை நகத்தில் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். வாளித் தண்ணீரில் போட்டால் ஏறி வந்துவிடும்.