சிவப்பு நெபுலாவுக்குப் பணத்தை எதில் போடுவது?

தர்மபுரியில் என் ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள், சுவரில் இருக்கும் ஓரியன் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் பெரிய வாயு மேகம்) படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: “அண்ணா, பையனுக்கு டெலஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன். இந்தக் கலரெல்லாம் அதுல தெரியும்ல?”

தெரியாது. அட்டைப்பெட்டியில் 525 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருந்தாலும் தெரியாது. வீட்டில் வைத்துக்கொள்கிற அளவு டெலஸ்கோப்பில் ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் இருக்கும். நல்ல இருட்டில் லேசாகப் பச்சை தட்டலாம். அதுவும் அழகுதான். ஆனால் பெட்டியில் அச்சடித்த சிவப்பை எதிர்பார்த்த பையன் இரண்டாம் நாள் அதைப் பரணில் போட்டுவிடுவான்.

ஓரியன் போலத் தானே ஒளிவிடும் உமிழ் நெபுலா என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு. அதற்குள்ளேயே இருக்கும் மிகச் சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர், அந்த அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. எலக்ட்ரான் மறுபடி அணுவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது 656.3 நானோமீட்டரில் சிவப்பு ஒளி வெளிவருகிறது. இருட்டில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்கள் 507 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையைத்தான் நன்றாகப் பிடிக்கும். இந்தச் சிவப்புக்கு அவை கிட்டத்தட்டக் குருடு.

சரி, கேமரா? அதிலும் ஒரு சிக்கல். சென்சாருக்கு முன்னால் கம்பெனியே ஒரு ஃபில்டர் வைத்துத்தான் அனுப்புகிறது. அகச்சிவப்பை வெட்ட வைத்த அந்த ஃபில்டர், 656 பக்கத்துச் சிவப்பிலும் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எங்கள் தொழிலுக்கு அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் வேட்டி எல்லாம் சிவந்துபோகும். ஆகவே பழைய கேமரா வாங்கும்போது ஃபில்டர் கழற்றியதா என்று கேட்டுவிடுங்கள். வானத்துக்கென்றே கேனான் 2012-இல் 60டிஏ, நிக்கான் 2015-இல் டி810ஏ கொண்டுவந்தன. ஆனால் ஓரியன் நெபுலா நல்ல வெளிச்சமானது. ஃபில்டர் இருக்கிற சாதாரண கேமராவே ஆரம்பத்துக்குப் போதும்.

பணத்தைப் போட வேண்டியது கேமராவைச் சுமந்து, வானத்தோடு சேர்ந்து மெல்லத் திருப்புகிற ட்ராக்கர் என்ற கருவியில்தான். பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்) நகர்கிறது. ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் போட்டு ஆறேழு நொடி தாண்டினாலே நட்சத்திரம் கோடாகிவிடும். 135 எம்.எம். என்றால் இரண்டரை நொடிதான். ட்ராக்கர் இருந்தால் அதே லென்ஸில் ஒரு நிமிடம் தாராளமாக எடுக்கலாம்.

இங்கே கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. ட்ராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. தர்மபுரியில் அது 12 டிகிரி. வடக்கே ஒரு மாந்தோப்பு இருந்தால் முடிந்தது, அது மறைந்துவிடும். அச்சையும் அதே 12 டிகிரிக்குச் சாய்க்க வேண்டும். சில மவுண்டுகள் (ட்ராக்கரைத் தாங்கும் பகுதி) அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் எதிர் எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். வாங்குமுன் குறைந்தபட்ச அட்சரேகை என்ன என்று கேளுங்கள். “ஃபாரின்ல எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க” என்பது அதற்குப் பதில் இல்லை.

அதே அட்சரேகை நமக்குத் தருவதும் பெரிது. ரோசெட் நெபுலா இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு வரும். கரீனா நெபுலா டெல்லியில் தொடுவானத்தை ஒட்டியே நின்றுவிடும். லண்டனில் எழவே எழாது. இங்கே ஏப்ரல் இரவுகளில் தெற்கே சுமார் 18 டிகிரி உயரம் வரும். அந்தப் பக்கம் சேலத்து வெளிச்சம் இருப்பதுதான் கொஞ்சம் இடைஞ்சல். திருப்பத்தூர் மாவட்டத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிற இடம், அங்கிருந்தும் வடவானம், தென்வானம் இரண்டிலும் பெரும்பகுதி கிடைக்கும்.

அப்புறம் எண்ணிக்கை. நூறு படம் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இருபதில் ஒரு பங்காக்க நானூறு வேண்டும். அடுக்குவதற்கான சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) எடுங்கள். லென்ஸை மூடி, அதே எக்ஸ்போஷரில் சில டார்க் படங்களும் எடுத்து வையுங்கள்; சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க அவை உதவும்.

இருட்டு வேண்டும் என்று அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரங்களுக்கு மட்டும் இரவில் போகாதீர்கள். ஓரியன் நன்றாகத் தெரிகிற அதே குளிர்மாதங்களில்தான் ராகி அறுவடை, யானைக் கூட்டம் வயலுக்கு இறங்குவதும் அப்போதுதான். யானையைவிட எனக்குப் பயம் கள்ள மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. டார்ச்சை அணைத்துவிட்டு ட்ரைபாடோடு வரப்பில் நடக்கிறவரை அந்தக் கம்பி விட்டுவைக்குமா? தெரிந்தவர் நிலத்தில், அவரிடம் சொல்லிவிட்டு, பகலிலேயே இடம் பார்த்து வையுங்கள். அரூர் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் யோகம்தான்.

ஓசூர் போல வெளிச்சமான ஊரில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடியும் டூயல் பேண்ட் ஃபில்டரும்தான் வழி. அது நெபுலாவின் ஹைட்ரஜன் தரும் 656 நானோமீட்டரையும் ஆக்சிஜன் தரும் 500.7 நானோமீட்டரையும் ஒட்டிய ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வெட்டும். வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு எல்லா நிறத்திலும் ஒளி விடுவதால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்கு ஈடாக இன்னும் சில இரவுகள் சேர்த்து எடுக்க வேண்டும்.