கையால் போட்டால் ஓடுது, தானாக ஓடுதில்லை

"அண்ணா, கையால போட்டா ஓடுது. தானா ஓடுதில்லை. கிரொன் பழுதாப் போச்சு போல."

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு சிறிய ரியூசன் நிலையம் இருக்கிறது. அங்கே கணிதம் படிப்பிக்கும் தம்பி ஒருவர் போன் எடுத்துச் சொன்னது இது. அவர்களிடம் இருப்பது ஒரேயொரு பழைய டெஸ்க்டொப் கணினி. உபுண்டு லினக்ஸ் போட்டது. பிள்ளைகளின் வரவு, பரீட்சைப் புள்ளிகள், மாதக் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். அந்தக் கோப்புகளை ஒவ்வோர் இரவும் 9:30க்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவைக்கத் தம்பி தானே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய ஒரு கோப்பு, எழுதியிருந்தார். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் அதன் பெயரைத் தட்டினால் நொடியில் வேலை முடிகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரொனிடம் ஒப்படைத்தால் காலையில் டிஸ்க்கில் ஒன்றும் இல்லை.

இந்த முறைப்பாட்டை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன், வார்த்தைகூட மாறுவதில்லை. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கிரொன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது விளங்கிவிட்டால் பிழையைப் பிடிப்பது அரை மணி நேர வேலை.

கிரொன் என்பது லினக்ஸ் உட்பட யுனிக்ஸ் குடும்பத்துக் கணினிகளில் பின்னணியில் ஓடும் சிறிய நிரல். 1979ல் பெல் ஆய்வுகூடத்தில் இருந்து வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. காலத்தைக் குறிக்கும் குரோனொஸ் என்ற கிரேக்கச் சொல்லே பெயருக்கு மூலம் என்பார்கள். உபுண்டுவிலும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸிலும் இன்றிருப்பது 1987ல் போல் விக்ஸி எழுதிய கிரொனின் வழிவந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை அது கண் விழிக்கும். கிரொன்டாப் என்ற அட்டவணையைப் பார்க்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை. அவை அந்த நிமிடத்தோடு ஒத்துப்போனால், வரியின் மிச்சத்தை ஒரு ஷெல்லிடம், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலிடம், கொடுத்துவிட்டு மறுபடி உறங்கிவிடும். ஓடியது வென்றதா தோற்றதா என்பது அதற்குப் பொருட்டல்ல.

தம்பியின் வரி 30 21 * * * என்று தொடங்கியது. இரவு 9:30, எல்லா நாளும். அதில் ஒரு பிழையும் இல்லை. இந்த ஐந்து இடங்களில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றே ஒன்று: திகதியையும் கிழமையையும் சேர்த்துக் குறித்தால் இரண்டும் பொருந்தும் நாளில்தான் ஓடும் என்று நினைப்பார்கள். அப்படியல்ல, ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடும். 1ஆம் திகதியும் வெள்ளியும் என்று எழுதினால் மாதத்தின் முதல் நாளிலும் ஓடும், எல்லா வெள்ளியிலும் ஓடும். போயா தினத்தில் மட்டும் ஒரு வேலை நடக்க வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. நிலவைப் பற்றி இந்த ஐந்து இடங்களுக்கும் ஒன்றும் தெரியாது, அதை ஸ்கிரிப்ட்தான் பார்க்க வேண்டும்.

"இரவு 9:30க்குக் கணினி போட்டிருக்குமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வகுப்பு முடிந்து 8 மணிக்குக் கதவைப் பூட்டும்போது கணினியையும் நிறுத்திவிடுவார்களாம்.

இந்த இடத்தில் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரொன் பிறந்த காலத்துக் கணினி, பலர் சேர்ந்து பயன்படுத்தியது. இரவு பகல் ஓடியது. வீட்டு டெஸ்க்டொப் அப்படியா? வேலை முடிந்தால் நிறுத்துகிறோம், கரண்ட் போனால் தானே நிற்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணினி நின்றிருந்த நேரத்து வேலையைக் கிரொன் பிறகு எடுத்துச் செய்யாது. இரவு முழுக்க உறக்க நிலையில் போட்டுவிட்டுப் போனாலும் கதை அதேதான். அன்றைய வேலை போனது போனதுதான்.

இதற்கென்றே அனாகிரொன் என்று ஒன்று இருக்கிறது. அது மணியைப் பார்ப்பதில்லை, நாளைப் பார்க்கிறது. ஒரு வேலை கடைசியாக எந்த நாளில் ஓடியது என்று குறித்துவைத்திருந்து, கணினி எழும்பியதும் நாள் கடந்திருக்கிறதா என்று பார்த்து, கடந்திருந்தால் சில நிமிடம் பொறுத்து ஓட்டும். தினசரி வேலைகளுக்கென்று இருக்கும் போல்டரில் ஸ்கிரிப்டைப் போட்டுவிட்டால் உபுண்டுவில் அனாகிரொன் அதைக் கவனித்துக்கொள்ளும். ஆனால் கோப்பின் பெயரில் புள்ளி வைக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் வழக்கம்போல .எஸ்எச் என்று போட்டிருந்தால் அந்தக் கோப்பை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இந்த ஒரு புள்ளிக்காக நான் ஒரு முழுப் பின்னேரத்தை இழந்திருக்கிறேன். கிரொனுக்குப் பதிலாக, லினக்ஸில் இருக்கும் சிஸ்டம்டி டைமர் பாவிப்பவர்களுக்கு பெர்சிஸ்டென்ட் என்ற ஒரு வரி போதும், தவறிய வேலையைக் கணினி எழும்பியதும் அது செய்துவிடும்.

ஆனால் தம்பியின் கதை அதோடு முடியவில்லை. "ஒரு நாள் பத்து மணி வரைக்கும் காவல் இருந்து பார்த்தனான் அண்ணா. அப்பவும் வரேல்லை" என்றார். அடுத்த நாள் நேரே போனேன்.

கிரொன் ஒரு வேலையைத் தொடங்கும்போதெல்லாம் சிஸ்லொக் என்ற பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதும். அந்த வரி இல்லையென்றால் கிரொன் எழும்பவில்லை, அல்லது அந்த வேலை அதன் அட்டவணையிலேயே இல்லை. வரி இருந்தால் அது தொடங்கியிருக்கிறது, விழுந்தது அதற்குப் பிறகுதான். எந்தப் பக்கம் தேடுவது என்பதை அந்த ஒரு வரி தீர்த்துவிடும். தம்பி காவல் இருந்த இரவின் பதிவைத் தேடி எடுத்தோம். 21:30:01 என்ற நேரத்தோடு வரி இருந்தது. ஆனால் கட்டளை பாதியில் நின்றது. கூட்டல் குறியோடு முடிந்திருந்தது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

தன் ஸ்கிரிப்டின் பதிவுக் கோப்பின் பெயரில் அன்றைய திகதி வர வேண்டும் என்று தம்பி கிரொன்டாப் வரியிலேயே, திகதி சொல்லும் டேட் கட்டளையை அடைப்புக்குறிக்குள் செருகியிருந்தார். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் அந்தக் கட்டளையிடம் கூட்டல் குறிக்குப் பின்னால் சதவீதக் குறி (%) போட்டுத்தான் கேட்க வேண்டும். டெர்மினலில் அது சாதாரணக் குறி. கிரொன்டாப்பிலோ, கட்டளை இத்தோடு முடிந்தது என்று பொருள். முதல் % வந்த இடத்தில் கிரொன் வரியை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கட்டளைக்கு ஊட்டவேண்டிய உள்ளீடாக எடுத்துக்கொள்ளும். திறந்த அடைப்புக்குறி மூடப்படாமலே ஷெல்லின் கையில் போய்ச் சேர்ந்தது, அது முகத்தைச் சுளித்துவிட்டு நின்றது. ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரி. டேட் கட்டளையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது, நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஷெல் முகம் சுளித்ததே, அந்தச் சத்தம் ஏன் தம்பிக்குக் கேட்கவில்லை? கிரொனுக்குத் திரை கிடையாது. ஒரு வேலை ஏதாவது சொன்னால் அதை மெயிலாக அனுப்புவதுதான் அதன் பழைய வழக்கம், வெளியே போகும் மெயில் அல்ல, கணினிக்குள்ளேயே ஒருவர் பெட்டியில் போடும் மெயில். இன்றைய டெஸ்க்டொப்பில் அந்தத் தபால்காரர் இல்லை. மெயில் அனுப்பும் நிரல் நிறுவப்படவில்லை, வந்ததை வீசுகிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி பதிவில் விழுந்திருந்தது. பிழைச் செய்தி எழுதப்பட்டு, அதே நொடியில் குப்பைக்குப் போயிருக்கிறது. ஆகவே யார் என்னிடம் கேட்டாலும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: கட்டளைக்குப் பின்னால் >> போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து, கடைசியில் 2>&1 என்று சேருங்கள். சொன்னதும் அழுததும் எல்லாம் அந்தக் கோப்பில் வந்து சேரும்.

சேர்த்தோம். சோதனைக்காக மூன்று நிமிடம் தள்ளி நேரம் வைத்தோம். இந்த முறை வரி முழுதாக ஓடியது, கோப்பில் புதிதாக ஒரு புலம்பல்: கட்டளையைக் காணவில்லை.

கையால் போட்டால் ஓடுவதும் தானாக ஓடாததும் ஏன் என்பதற்கான உண்மையான விடை இங்கேதான் கிடக்கிறது. நீங்கள் லொகின் செய்து டெர்மினலைத் திறக்கும்போது உங்களுக்குத் தெரியாமலே பல கோப்புகள் வாசிக்கப்பட்டு, உங்கள் ஷெல்லுக்கு நிறையச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எந்தப் போல்டர்களில் கட்டளைகளைத் தேடுவது, எந்த மொழி, எந்தத் திரை என்று. கிரொன் திறக்கும் ஷெல்லுக்கு அதெல்லாம் யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு முதல்முறை சமைக்க வந்தவர் போல, அடுப்பு தெரிகிறது, உப்பு எங்கே என்று தெரியாது.

இதைக் கண்ணாலே பார்க்கலாம். என்வ் என்ற கட்டளை, ஷெல்லுக்குத் தெரிந்ததையெல்லாம் பட்டியலாகக் கொட்டும். தம்பியின் டெர்மினலில் அதைப் போட்டபோது திரை நிறைந்து மேலே ஓடியது. அதே கட்டளையைக் கிரொனுக்குக் கொடுத்து ஒரு கோப்பில் எழுதவைத்தோம். அடுத்த நிமிடம் கோப்பைத் திறந்தால் விரல் விட்டு எண்ணக்கூடிய வரிகள்: வீட்டுப் போல்டர், பயனர் பெயர், ஷெல், கட்டளைகளைத் தேடும் பாத். அந்தப் பாத்தில் இரண்டே இரண்டு போல்டர்கள். தம்பி தனியாக இறக்கி நிறுவிய சுருக்கும் கருவி மூன்றாவதாக வேறொரு போல்டரில் இருந்தது. ஸ்கிரிப்டில் அந்தக் கருவியின் முழு முகவரியையும் எழுதினோம். கிரொன்டாப்பின் தலையில் பாத்தை நீட்டி எழுதினாலும் சரிதான்.

ஷெல்லே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். நாம் டெர்மினலில் பேசுவது பாஷ் ஷெல்லோடு. கிரொன் அழைப்பது எஸ்எச் என்ற பெயரை, உபுண்டுவில் 2006ல் வந்த 6.10 பதிப்பில் இருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பது டாஷ் என்ற சிக்கனமான ஷெல். பாஷுக்கு மட்டும் விளங்கும் இரட்டைச் சதுர அடைப்பை கிரொன்டாப் வரியில் எழுதினால் டாஷ் திகைத்து நிற்கும். தமிழில் வேலை செய்கிற நாம் மொழி அமைப்பையும் பார்க்க வேண்டும். சில அமைப்புகளில் கிரொனுக்கு யூனிகோட் பற்றி ஒன்றும் சொல்லப்பட்டிருக்காது. பழைய பைத்தனில் எழுதிய நிரல் பிள்ளையின் தமிழ்ப் பெயரை எழுதப்போன இடத்தில் விழுந்துவிடும். அதே நிரல் டெர்மினலில் அழகாக ஓடும்.

நேரம் சரியா என்று பார்ப்பதும் அவசியம். சில கணினிகள் கிரீன்விச் நேரத்தில் ஓடும், குறிப்பாக வாடகைக்கு எடுத்த சேவர்கள். அங்கே 21:30 என்றால் நமக்கு விடிய 3 மணி. விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருந்தால் மணிக்கூட்டை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றது கிரீன்விச் நேரமாகவும் வாசித்து ஐந்தரை மணி நேரம் பிசகும். அந்த ஐந்தரையும் எப்போதும் ஐந்தரையாக இருக்கவில்லை. 1996 மே மாதம் இலங்கை அதை ஆறரை ஆக்கியது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறாக்கியது, 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இடையில் எல்லாம் பழைய நேரமே புழங்கியது, ஒரே மாவட்டத்தில் இரண்டு நேரம். ஆசியா/கொழும்பு என்று நாம் தெரிவுசெய்யும் அந்தச் சிறிய கோப்புக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் நொடி சுத்தமாகப் பதிந்திருக்கின்றன. தம்பியின் கணினியில் நேரம் சரியாகவே இருந்தது.

கடைசியாக டிஸ்க். டெஸ்க்டொப்பில் வெளி டிஸ்க்கைச் செருகியதும் தானாகத் திறந்து நிற்கிறதே, அது லொகின் செய்தவரின் திரைக்காக நடப்பது. யாரும் லொகின் செய்யாதபோது டிஸ்க் வயரில் தொங்கினாலும் கணினிக்கு அது ஒரு போல்டராகத் தெரியாது. ஆகவே ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து 7:40 என்று வைத்தோம். பிரதி எடுக்கும் முன் டிஸ்க் உண்மையில் பொருந்தியிருக்கிறதா என்று மவுண்ட்பொயின்ட் கட்டளையால் பார்த்து, இல்லையென்றால் அதைத் தமிழிலேயே எழுதிவைத்துவிட்டு நிற்கும்படி ஸ்கிரிப்டில் இரண்டு வரி சேர்த்தோம்.

அன்று பின்னேரம் ஏழரை தாண்டியும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். 19:40:01க்கு வரி விழுந்தது. டிஸ்க்கின் விளக்கு மினுங்கி நின்றது. பிரதியில் இருந்த புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்தோம், பெயர்கள் தமிழில் சரியாகவே இருந்தன. தம்பி டிஸ்க்கின் வயரைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். "நாளைக்கு இது இல்லாமல் என்ன சொல்லுது எண்டு பாப்பம்" என்றார். மறுநாள் இரவு பதிவுக் கோப்பின் கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்: டிஸ்க் இல்லை, பிரதி எடுக்கவில்லை.