‘ஒரு மாதிரியா இருக்கு’

சிங்கப்பூரின் ஈசூன் பேட்டையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். கல்மேசையில் உட்கார்ந்து என் அண்ணன் மகன் பள்ளிப்பையின் வாரிலிருந்து நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு.

“என்னடா கண்ணா?”

“ஒரு மாதிரியா இருக்கு அத்தை.”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பயம், வெட்கம், தனிமை, பொறாமை எல்லாவற்றையும் நம் வீடுகளில் இந்த ஒரே மூட்டையில்தான் கட்டி வைக்கிறோம். பிள்ளைகள் தங்களுக்குள் ‘ஸ்ட்ரெஸ்’ என்கிறார்கள். அதுவும் மூட்டைதான்.

மூட்டையை அவிழ்த்து உள்ளே இருக்கும் உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் மூளைக்குள்ளேயே ஒரு மாற்றம் நடக்கிறது. மூளையின் இரு பக்கமும் வாதுமைப் பருப்பளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும் அது மணி அடிக்கும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிற்றைப் பிசையும். எதிரில் இருப்பது பாம்பா, மதிப்பெண் பட்டியலா என்று உடம்பு பார்ப்பதில்லை. அந்த மணியை அடக்கத் துணை நிற்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. பதினேழு வயதில் படபடப்பு பெரிதாகவும் பிடிமானம் சிறிதாகவும் இருப்பது பிள்ளையின் குற்றமில்லை.

2007இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோபமும் அச்சமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, பார்ப்பவரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த முகத்துக்கு ‘கோபம்’ என்பதுபோல் உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது, முன்மூளையின் வலப்புறத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அதே முகத்துக்கு வெறும் ஆள்பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. 2012இல் சிலந்திக்கு நடுங்குபவர்களிடம் செய்த சோதனையிலும் இதே கதைதான்: பயத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சிலந்தியை நெருங்கியவர்களுக்கு, ஒரு வாரம் கழித்துக் கை வேர்ப்பது குறைந்திருந்தது.

‘பேசினால் பெரிதாகும், விடு’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், அது தவறு. ஆனால் ஒன்று: பேசுவது வேறு, அரைத்த மாவையே அரைப்பது வேறு. இரவு இரண்டு மணிவரை தோழியோடு ஒரே கவலையைத் திரும்பத் திரும்பப் பேசினால் நட்பு இறுகும், கவலையும் கூடும். பெயர் வைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்ற பக்கம் பேச்சு நகர வேண்டும்.

சிங்கப்பூரில் இது யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி இல்லை. மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 15 முதல் 35 வயதுவரையிலானவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ மனவுளைச்சலோ கடுமையாக இருந்திருக்கிறது. பிள்ளை சோர்ந்து ஒதுங்கினால், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. 1771 என்ற மனநல எண்ணும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 என்ற எண்ணும் இரவுபகலாக எடுக்கப்படும்.

அன்று மாலை நான் தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். “பயமா இருக்கா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கோபமா? அதுவும் இல்லை. வாரைத் திருகிக்கொண்டே வெகுநேரம் யோசித்தான்.

“அவமானமா இருக்கு அத்தை. கணக்குல நான் மட்டும்தான் ஃபெயில்.”

சொல்லிவிட்டு மூச்சை நீளமாக விட்டான். வாரை விட்டுவிட்டுக் கோப்பையை எடுத்தான்.