இரும்புக் கூரை வேலையில் விழுந்தால் நட்டஈடு தர வேண்டியவர் யார்?

தோட்டத்திலிருந்து பாஸோடு (ஆட்களைக் கூட்டிப்போய் வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி) சைட்டுக்குப் போய், இரும்புத் தூண் நிறுத்தி, கேர்டர் (இரும்பு உத்தரம்) ஏற்றி, தகடு அடிக்கிற பிள்ளைகள் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நிறையப் பேர். நாட்சம்பளம், கையில் கடிதம் ஒன்றும் இருக்காது. அதனால் மேலிருந்து விழுந்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது என்றே பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல.

இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இவர்களுக்கும் உரியது. முதலாளி தப்புச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்தது என்பது போதும். தொகை சம்பளத்தையும் காயத்தின் அளவையும் பொறுத்தது. 2022இல் வந்த திருத்தம் உச்சத்தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது.

பாஸிடம் பணமில்லை என்றால்? கட்டடம் கட்டுவதையே தொழிலாகச் செய்யும் பெரிய கொந்தராத்துக்காரர், தன் வேலையில் ஒரு பகுதியைப் பாஸிடம் கொடுத்திருந்தால், நட்டஈட்டை அவரிடமே கேட்கலாம். பிறகு அவர் பாஸிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. ஆனால் ஒரு வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டுக்குச் சில நாள் கூலிக்கு நேரடியாக ஆள் வைத்திருந்தால் இந்தச் சட்டத்தில் வழக்கு பலவீனமாகிவிடும். ஆகவே யாருடைய தொழிலுக்காக வேலை செய்தோம் என்பதை வேலைக்குச் சேரும்போதே கேட்டு வையுங்கள். சம்பளம் எழுதிய துண்டு, வங்கியில் விழுந்த பணம், போனில் வந்த செய்தி எல்லாமே சாட்சிதான்.

விபத்துக்குப் பிறகு முதலில் வரும் பேச்சு, ‘அவன் பாதுகாப்பு பெல்ட் போடவில்லை’ என்பது. பாதுகாப்பு விதியை ஒருவர் வேண்டுமென்றே மீறினால் முதலாளி மறுப்புச் சொல்லச் சட்டத்தில் இடமுண்டு, உண்மை. ஆனால் பெல்ட்டே தராத இடத்தில் எதை மீறுவது? பெல்ட் இருந்தும் கொக்கியை மாட்ட மேலே கயிறோ கம்பியோ கட்டாமல் விட்டால்? இரும்பு வேலையில் உயிரை எடுப்பது எப்போதும் தொழிலாளியின் கவனக்குறைவு அல்ல. ஒரே போல்ட்டைப் போட்டுவிட்டுக் கிரேன் கொக்கியைக் கழற்றுவது, தாங்கு கம்பி கட்டாமல் தூண்களை வரிசையாக நிறுத்திவிட்டு மறுநாளைக்கு விடுவது, மழையில் நனைந்த கேர்டர் மேல் ஆளை நடக்க வைப்பது, இதெல்லாம் மேற்பார்வை செய்பவரின் பொறுப்பு. மே மாதத்துக்குப் பிறகு நம் மலையில் காற்றும் தூறலும் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? சரிந்த இடத்தை அகற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

மரண வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆள் இறந்தால் நட்டஈட்டை முதலாளி நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும். அவர்தான் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஆனால் முதலாளி பக்கத்து ஆட்கள் பணம் வைத்த உறை ஒன்றைக் கையில் தந்து, ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்’ என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட உடன்படிக்கை சட்டத்தில் செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனம் தளராமல் விண்ணப்பிக்கலாம். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய்த் தாள் நீட்டுவது பெரிய கொடுமை. பக்கத்து லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசை) விஷயம் தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் அதைத் தடுத்துவிடலாம்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் ‘படியில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். எந்த சைட், எவ்வளவு உயரம், யார் வேலை கொடுத்தார் என்று பதிய வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வாங்கி வையுங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்துக்குப் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் வழி கேட்கலாம். காயம் ஆறட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், விண்ணப்பிக்கக் காலவரையறை உண்டு. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைக்கும் பொருந்தும் என்பதால், பாதுகாப்பில்லாத சைட் பற்றி விபத்துக்கு முன்பே அதே அலுவலகத்தில் முறையிடலாம்.