கத்தினால் பனி சரியுமா?

பனிமலையில் உரக்கக் கத்தினால், படங்களில் வருவதுபோல பனிச்சரிவு வருமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வராது. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதவே போதாது. ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் பனிச்சறுக்குக்குப் போய்ச் சிக்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களோ கூட வந்தவர்களோதான். குரலால் அல்ல, உடல் எடையால்.

ஓர் ஆளின் எடைக்கே மலைச்சரிவின் பனி முழுக்க இறங்குகிறது என்றால், அடியில் ஏற்கெனவே ஏதோ ஆகியிருக்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுகிறது. தரையில் வெப்பம் மிச்சமிருப்பதால் அதன் அடிப்பகுதி 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் மைனஸ் 15-க்குப் போய்விடும். பனியின் ஆழம் 50 செ.மீ. என்றால், 10 செ.மீ.க்கு 3 டிகிரி வித்தியாசம். 1 டிகிரியைத் தாண்டினாலே வேலை தொடங்கிவிடும். கீழே இருக்கும் துகளின் தலையிலிருந்து நீராவி கிளம்பி, மேலே இருக்கும் துகளின் அடியில் போய் உறையும். நடுவில் தண்ணீராவதே இல்லை. நாள்கணக்கில் இப்படி நடக்க நடக்க, துகள்களைப் பிணைத்திருந்த இணைப்புகள் மெலிந்துபோய், பட்டை தீட்டியது போன்ற படிகங்கள் வளர்கின்றன. கையில் அள்ளினால் சர்க்கரையாக உதிரும், உருண்டை பிடிக்க வராது. அதே குளிரில் பனி 2 மீட்டர் ஆழம் இருந்தால் 10 செ.மீ.க்கு முக்கால் டிகிரிதான். துகள்கள் ஒட்டி இறுகிவிடும். ஆக, பனி குறைவாக விழுந்த இடத்தில்தான் இந்த ஆபத்து வளர்கிறது! அமெரிக்காவின் கொலராடோ மலைகள் இதற்குப் பேர்போனவை.

அப்புறம் காற்று. முகட்டின் ஒரு பக்கப் பனியை வாரி, மறுபக்கத்தில் குவிக்கும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட. உருண்டு வருவதில் பனிப்பூக்கள் உடைந்து பொடியாகி, நெருக்கமாக அடைந்து, பலகையாகக் கெட்டிப்படும். வெயிலடிக்கும் நாளிலும் இது நடக்கும்.

அந்தப் பலகையில் ஒருவர் கால் வைக்கிறார். அடியிலிருக்கும் படிகங்கள் நொறுங்க, பலகை சில மில்லிமீட்டர் அமர்கிறது. 'வும்ப்' என்று சத்தம் கேட்கும். அமர்ந்த பலகை வளைந்து பக்கத்துப் படிகங்களையும் நொறுக்க, விரிசல் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடும். சமதளத்தில் நிற்பவர்கூட மேலே இருக்கும் சரிவை இப்படி இறக்கிவிடலாம்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் பொதுமக்களுக்கு அபாய அறிக்கை தருகிறது. நம் இமயமலையில் 2022 அக்டோபரில் திரௌபதி கா டண்டா சிகரத்தில் 25-க்கும் மேற்பட்ட மலையேறிகள் பனிச்சரிவில் இறந்தார்கள். நம்மிடம் ராணுவத்துக்கான பனிச்சரிவு ஆய்வு 1969 முதலே நடக்கிறது. மலையேறப் போகும் சாதாரண ஆளுக்கும் பள்ளத்தாக்கு வாரியாக எச்சரிக்கை கிடைக்கும் அளவுக்கு இதில் பணம் போட வேண்டும். பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்க ஆள் வேண்டும்.

சரி, குழியில் என்ன பார்ப்பார்கள்? 30 செ.மீ.க்கு 30 செ.மீ. பனித்தூண் ஒன்றை வெட்டி, மேலே மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில், எவ்வளவு சுத்தமாக வெட்டிக்கொண்டு வருகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் உடைந்தால் திரும்பிவிடுவார்கள். உடையாவிட்டாலும் நம்பிவிட மாட்டார்கள். இருபதடி தள்ளிப் பனியின் ஆழம் வேறு, அடுக்கும் வேறு. அதனால் சாய்வை அளந்து, 30 டிகிரிக்குக் குறைவான, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத வழியாகவே போவார்கள்.