ஸ்லைம் மோல்ட்: சளிப்பூஞ்சையா, வழும்புயிரியா?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா வீடு. ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், பின்கட்டில் மக்கிக் கிடந்த மாமரக் கட்டைமேல் மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது. "பூசணம் பூத்திருக்கு, தொடாதே" என்றார் ஆயா. மறுநாள் காலையில் பார்த்தால் அது ஒரு சாண் தள்ளி இருந்தது. பூசணம் நகருமா?

நகராது. அது ஸ்லைம் மோல்ட். அறிவியலில் மிக்சோமைசீட்ஸ் என்பார்கள். கிரேக்கத்தில் மிக்சா என்றால் சளி, மைக்கெஸ் என்றால் காளான். சளிப்பூஞ்சை என்ற தமிழ்ப்பெயர் இதற்கு அப்படியே பொருந்துகிறது. பிழையும் கூடவே வந்துவிட்டது. 1859-லேயே ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி, இது அமீபா போல ஊர்ந்து இரையை விழுங்குவதைப் பார்த்து மைசீட்டோசோவா, அதாவது காளான் விலங்கு, என்று பெயரிட்டார். இன்றும் இதை அமீபாக்களின் கூட்டத்தில்தான் வைக்கிறார்கள்.

ஆய்வகங்களுக்குப் பிடித்த இனம் ஃபைசேரம் பாலிசெஃபாலம். பாலிசெஃபாலம் என்றால் பலதலையன். உண்மையில் தலையே கிடையாது. கையகலம் படர்ந்தாலும் ஒரே செல்தான், உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் 2000-இல் ஜப்பானில் தோஷியுகி நாககாகி குழு, இது பரவியிருந்த புதிர்ப்பாதையின் இரு வாயிலிலும் ஓட்ஸ் வைத்தபோது, முட்டுச்சந்துகளிலிருந்து பின்வாங்கி, மிகக் குறுகிய வழியில் மட்டும் குழாயாக நின்றது.

2010-இல் செய்த சோதனை இன்னும் அழகு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் இருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு தட்டில் ஓட்ஸ் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதை டோக்கியோவுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் செய்தார்கள். உணவு ஓடும் குழாய் தடித்தது, ஓடாதது சுருங்கி மறைந்தது. ஒரு நாள் சொச்சத்தில் உருவான வலை, அங்குள்ள ரயில் பாதைக்கு ஈடாக இருந்தது. இந்தப் பழக்கத்தைக் கணினி வழிமுறையாக்கி, 2020-இல் வானியலாளர்கள் விண்மீன் மண்டலங்களை இணைக்கும் வாயு இழைகளையே வரைந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சளி என்றதும் நமக்கு நோய் நினைவுக்கு வருகிறது. பூஞ்சை என்பதோ தவறு. வழுவழுப்புக்கு நம்மிடம் வழும்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. அதனால் வழும்புயிரி என்பது என் தேர்வு. சளிப்பூஞ்சை என்று பழகியவர்களுக்காக, முதல் முறை மட்டும் இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம்.