அமைச்சரும் தனிநபர்தானே?

"தனிநபர்கள் தொடுக்கும் அவதூறு வழக்குகளில் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு குறைவு." அமெரிக்க ஊடகச் சட்டம் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இப்படிப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. 'பிரைவேட் ஃபிகர்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் 'தனிநபர்' ஆக்கிவிடுகிறார்கள். அமைச்சரும் தனிநபர்தானே? அவர் தன் பெயர் கெட்டதென்று வழக்குப் போட்டால் இந்த வாக்கியம் அவருக்கும் பொருந்திவிடும். சட்டம் சொல்வதோ அதற்கு நேர்மாறு.

'பிரைவேட்' என்பதன் மூலம் லத்தீன் 'பிரிவாடுஸ்'. அரசுப் பதவி வகிக்காதவர் என்று பொருள். 'நபர்' அரபியிலிருந்து வந்தது. தனிநபர் என்றால் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த ஓர் ஆள், தனிநபர் வருமானம், தனிநபர் கடன் என்கிறோமே, அப்படி. அது எண்ணிக்கையைச் சொல்லும் சொல். அவர் பொதுவாழ்வில் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது. தூய தமிழ் வேண்டுமென்று 'தனியாள்' என்று மாற்றுகிறவர்கள் நபரைத்தான் நீக்குகிறார்கள், பிழை அப்படியே இருக்கிறது.

அவதூறுச் சட்டமோ பொதுவாழ்வில் இருக்கிறாரா இல்லையா என்ற அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. 1964இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. அரசு அதிகாரி தன் பணி பற்றிய செய்திக்கு இழப்பீடு பெற வேண்டுமானால், பொய்யென்று தெரிந்தே வெளியிட்டார்கள், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் வெளியிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும். 1974இல் கெர்ட்ஸ் வழக்கில், பதவியிலும் பொது விவாதத்திலும் இல்லாதவருக்கு இவ்வளவு கடுமை வேண்டாம் என்றது. பத்திரிகையின் கவனக்குறைவைக் காட்டினாலே போதும் என்று மாநிலங்கள் விதி வைத்துக்கொள்ளலாம். காரணம் நியாயமானது: அவர் விரும்பி வெளிச்சத்துக்கு வந்தவரல்ல, மறுப்புச் சொல்ல அவருக்கு மேடையும் கிடையாது.

சரி, 'சாமானியர்' என்று போட்டால் என்ன என்கிறார்கள். இதுதான் எனக்கு அதிகக் கோபம் தருவது. தனிநபர் பொருளில்லாத சொல் என்றால், சாமானியர் தவறான பொருள் தரும் சொல். படிப்பவர் இதை ஏழை எளியவர்களுக்கான சலுகை என்று எடுத்துக்கொள்வார். 1974 வழக்கைத் தொடுத்த கெர்ட்ஸ் சட்ட நூல்கள் எழுதிய, பெயர் பெற்ற வழக்கறிஞர். 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டைம் எதிர் ஃபயர்ஸ்டோன் வழக்கில், டைம் பத்திரிகை மீது அவதூறு வழக்குத் தொடுத்த பெண்மணி பெரும் செல்வக் குடும்பத்தில் மணமுடித்தவர். அவருடைய விவாகரத்து செய்தித்தாள்களில் நிறைய அடிபட்டது. அப்போதும் அவர் பொதுப் பிரமுகர், அதாவது அரசு அதிகாரியைப் போல அந்தக் கடுமையான விதிக்கு உட்பட்டவர், ஆகவில்லை என்றது நீதிமன்றம். அவரைச் சாமானியர் என்று எழுத யாருக்குக் கை வரும்?

நான் எழுதுவது 'பொதுவாழ்வில் இல்லாதவர்'. நீளம் என்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் நம் மொழிபெயர்ப்புகளைப் படிக்க முடியாமல் ஆக்குகிறது. இந்தத் தொடருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஏதோ ஒரு சர்ச்சையில் தானாகவே முன்வந்து இறங்கியவரை அந்த அளவுக்கு மட்டும் பொதுப் பிரமுகராகச் சட்டம் நடத்துகிறது. 'இந்த விவகாரத்தில் மட்டும் பொதுவாழ்வில் இருப்பவர்' என்று அவரைச் சொல்லிவிடலாம். தனிநபரை வைத்துக்கொண்டு அதை எப்படி எழுதுவார்கள்?